கரியனுக்கு ஒரு கூட்டாளி

கல்யாணத் தரகருக்காவது வெற்றிலை பாக்கு கிடைக்கும்; ஆணுக்கு ஆண் ஜோடி சேர்த்து வைத்த எனக்குக் கிடைத்ததெல்லாம் விரலில் கடிதான்.

எழுபதுகளில் செங்கல்பட்டு ரயிலடிப் பக்கம் லவ் பேர்ட்ஸ், வெள்ளை எலி, கினிப் பன்றி விற்கும் கடை வைத்திருந்தேன். கினிப் பன்றியைத் தனியாக விட்டால் ஏங்கிப்போகும். ஆணும் பெண்ணுமாகக் கொடுத்தாலோ, கொஞ்ச நாளில் கூடை நிறையக் குட்டிகளோடு வந்து சண்டைக்கு நிற்பார்கள். அதனால் இரண்டும் ஆணாகத்தான் கொடுப்பேன். இதே பிழைப்பில் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு திரிந்த சகாக்களே, புதிதாகச் சந்திக்கும் இரண்டு ஆண்கள் எப்படிக் கடித்துக்கொள்ளும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

கூடையில் வந்தவன்

ஒருநாள் கடப்பாக்கத்திலிருந்து பூங்காவனம் மீன்கூடையும் கையுமாக வந்தாள். மூடியைத் திறந்தால் உள்ளே கரியன் என்று அவர்கள் பேர் வைத்திருந்த கறுப்புக் கினிப் பன்றி. அவள் புருஷன் கன்னியப்பன் கால் முறிந்து, கடலுக்குப் போகமுடியாமல் மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தான். பேச்சுத்துணைக்கு என்று என்னிடம் வாங்கிப்போன இரண்டில் ஒன்று செத்துவிட்டது. மிஞ்சிய கரியன் புல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறான். அதைப் பார்த்துப் பார்த்துக் கன்னியப்பனும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிறானாம். என்னிடம் கூடையைக் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள்: "எப்டியாச்சும் ஒரு கூட்டாளி புட்சி குடு அண்ணாத்த. இது துன்னாதான் அந்தாளு துன்னும்."

நாற்காலி

மதுராந்தகத்தில் கிளார்க்காக இருந்த ஒரு வாடிக்கையாளரிடம் ஒற்றை வெள்ளை ஆண் இருந்தது. அவரும் ஜோடி தேடி அதைக் கடைக்கு எடுத்து வந்தார். நல்லதாகப் போயிற்று என்று அவசரத்தில் அதைத் தூக்கி நேராகக் கரியனின் கூண்டுக்குள் விட்டேன். தொழில் தெரிந்தவன் செய்கிற காரியமா இது?

புல் தின்னத் தெம்பில்லாத கரியனுக்குக் கடிக்க மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்துவிட்டது. பிரிக்கப்போன என் விரலில் ரத்தம். வெள்ளைக்குக் காதில் கீறல். கிளார்க் கோபித்துக்கொள்ளவே இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "புதுசா வந்தவன் நேரா ஹெட் கிளார்க் நாற்காலியில உக்காந்தா நாங்களே கடிப்போம் சார்."

அத்தர்

அடுத்து, கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த பாய் தன்னுடைய செவலை ஆணைக் கொண்டுவந்தார். இதுகளுக்கு ஆளை அடையாளம் காட்டுவது வாடைதான். அதனால் இதன் வைக்கோலை அதற்கும், அதன் வைக்கோலை இதற்கும் இரண்டு நாள் மாற்றிப் போடவேண்டும் என்று விளக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன். பாய்க்கு இரண்டு நாள் பொறுக்க மனமில்லை. நான் திரும்பி வருவதற்குள் இரண்டின் முதுகிலும் தன் அத்தரைத் தடவிவிட்டிருந்தார்.

கடையே மணத்தது. இரண்டும் தும்மின. பிறகு ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டன. நல்ல மனுஷர், பாவம். கரியன் தின்றானா என்று கேட்க மறுநாளும் வந்தார். தின்னவில்லை என்றதும் அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "வாசனையில ரெண்டும் மாப்ள மாதிரி கீதுங்க, ஆனா சம்பந்தி மாதிரி மொறைச்சிகினு கீதுங்களே அண்ணாத்த!"

வலை

கரியன் இளைத்துக்கொண்டே போனான். எனக்குப் பயம் வந்துவிட்டது. இது போனால் கட்டிலில் கிடக்கிறவன் என்ன ஆவான்? பெரியவன் குட்டியை எதிரியாக நினைக்கமாட்டான் என்ற நம்பிக்கையில், தாயிடம் பால் மறந்த ஓர் ஆண் குட்டிப் பொடியனை எடுத்துக்கொண்டு, கரியனோடு கடப்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன்.

சண்டை வராமலிருக்க இரண்டுக்கும் சொந்தமில்லாத இடம் வேண்டும். மூலையில் கன்னியப்பனின் வலை வாடை போக அலசி மடித்து வைத்தபடி கிடந்தது. கட்டிலுக்கு எதிரே அதை விரித்து, நடுவில் கொத்துமல்லித் தழையைப் போட்டு, இரண்டையும் இறக்கிவிட்டேன். கரியன் இடுப்பை ஆட்டி உறுமினான். பொடியன் வீக் வீக்கென்று கத்தினான். பூங்காவனம் பாய்ந்து வந்தாள். "தொடாதே, ரத்தம் வந்தால் மட்டும்தான் பிரிக்கணும்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே கை துறுதுறுத்தது.

பொடியன் ஓடவில்லை. கத்திக்கொண்டே போய்க் கரியனின் தாடைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டான். உறுமல் மெல்ல நின்றது. அப்புறம் பொடியன் ஒரு தண்டை இழுத்துக் கடித்தான். கரியன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பிறகு அதே தண்டின் மறுமுனையைக் கவ்வித் தின்ன ஆரம்பித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. கட்டிலில் கிடந்த கன்னியப்பன் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். "இன்னாமே பாத்துகினே நிக்கிற? எனுக்கும் ஒரு தட்டு போடு."

எத்தனையோ முரட்டு ஆண்களைச் சேர்த்து வைத்தும் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்காருவது ஒன்றுதான்; அது எனக்குப் பிறவியிலேயே வரும் என்கிறாள் என் மனைவி.