பழுகாமத்திலிருந்து கல்லடிக்குக் கையில் போன சப்பாத்து

சகலருக்கும் இத்தால் அறிவிப்பது யாதெனில், 1936 மாசி மாதம் ஒரு புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, ஒரு சோடிக் கறுப்புச் சப்பாத்து பழுகாமத்தை விட்டுக் கல்லடிக்குப் புறப்பட்டது. கூடவே என் அக்காவும், வழித்துணையாகத் தம்பி நானும் போனோம்.

கல்லடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. ஒன்பதரைக்கு நேர்முகம். சேலை, முழுக்கைச் சட்டை, காலுறை, சப்பாத்து எல்லாம் கட்டாயம் என்று கடிதத்தில் இருந்தது. வேலை கிடைக்காவிட்டால் சித்திரையில் கல்யாணம் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு நாற்பது வயது. அக்காவுக்குப் பத்தொன்பது.

எங்கள் ஊரில் பெண் சப்பாத்துப் போட்டால் மரியாதை இல்லை. கல்லடியில் போடாவிட்டால் மரியாதை இல்லை. ஆகவே மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பழகினாள். அன்று சப்பாத்தை ஓலைப் பையில் போட்டு என்னிடம் தந்தாள். அவள் காலுக்கு நான் காவல். வேலை கால் பங்கு, வீரம் முக்கால் பங்கு.

துறைக்கு ஒரு மைல் நடை. தோணிக்கு ஆளுக்கு ஐந்து சதம். தோணிக்காரர் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள, காலுக்கு வாங்கினத்தக் கையில கொண்டு போறாய்?"

"அக்கரையில போடுவன் மாமா. இஞ்ச போட்டா ஊர் சிரிக்கும்."

"அங்க போடாட்டி?"

"அங்கயும் சிரிப்பாங்க," என்றாள் அக்கா.

நடு வாவியில் திடீரென்று காற்று எழும்பித் தோணி சரிந்தது. வலக்கால் சப்பாத்து தண்ணீருக்குள் போய்விட்டது. நான் குதித்தே இருப்பேன். தோணிக்காரர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

களுவாஞ்சிக்குடியில் ஏழேகால் பஸ். பதினாறு மைல், முப்பது சதம், ஒரு மணி நேரம். அக்கா தன் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"சேலைய இறக்கிக் கட்டினாத் தெரியாதுகா," என்றேன். கட்டினாள்.

நேர்முகம் நடந்தபோது பள்ளிக்கூட ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசியில் கரும்பலகையின் மேல் மூலையில் எழுதச் சொன்னார்கள். எட்டுவதற்கு நுனிக்காலில் நின்றாள். சேலை உயர்ந்தது.

"வெறுங்காலோட நிக்கிற ரீச்சரப் பிள்ளையள் மதிக்குமா?" என்றார் தலைமை ஆசிரியை. "அடுத்த வருசம் வாங்க, பாப்பம்."

அடுத்த வருடம் என்று ஒன்று அவளுக்கு இல்லை. "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

இரண்டரைக்கு ஊர் திரும்பினோம். மிச்சமிருந்த ஒற்றைச் சப்பாத்தை அக்கா மறைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே தெருவால் நடந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த வழியில் போகவிருக்கும் பெண்களுக்கு: ஆறு மணித் தோணியைப் பிடியுங்கள். பஸ்ஸில் முன் இருக்கையில் புழுதி குறைவு. சப்பாத்தை உங்கள் மடியிலேயே வைத்திருங்கள்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் மாசியில் விடியற்காலை வாவியில் காற்றே இருக்காது, போகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அன்றும் இருக்கவில்லை. தோணியில் இருந்தவர்களைச் சிரிக்க வைக்க, அந்தச் சப்பாத்தை என் காலில் மாட்டிக்கொண்டு, "துரைசாணி வாறா, விலகுங்க!" என்று பலகையில் நடந்துகாட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அது கழன்று விழும்வரை அக்காவும் சிரித்தாள்.

வீட்டில் அப்பா பிரம்பை எடுத்தபோது, காற்று என்று சொன்னது அவள்தான். நான் அதற்கு ஓம் போட்டேன்.