கிணற்றடி நெல்லியை உலுக்கிய கதை

என் வீட்டுக்காரருக்கு மிஷின் என்றால் உயிர். கடமலைக்குண்டு பக்கம் இருக்கும் எங்கள் நெல்லித் தோட்டத்துக்கு மரம் உலுக்கும் மிஷினை வாடகைக்குக் கொண்டுவந்த அன்று, அவர் முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை. முதுகில் இன்ஜின், கையில் நீளக் குழாய், அதன் நுனியில் கொக்கி. கொக்கியைக் கிளையில் மாட்டி விசையை அழுத்தினால் கிளை கிடுகிடுவென்று நடுங்கும்.

மேற்கு வரிசையில் ஆரம்பித்தார். முதலில் கிளையின் நுனியில் மாட்டினார். கிளை சாமியாடியது, இலைதான் கொட்டியது. அடிப்பக்கம் தள்ளி மாட்டியதும் காய் பொலபொலவென்று உதிர்ந்து தார்ப்பாய் நிறைந்தது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கே கைதட்டத் தோன்றியது.

அடுத்தது கிணற்றடி மரம். தோட்டத்திலேயே பெரிய காய் அதில்தான். எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். அதன் பெரிய கிளை நடுங்கத் தொடங்கியதும் கொக்கி பிடித்த இடத்தில் பட்டை கழன்று வந்தது, வெந்த மரவள்ளிக்கிழங்கின் தோல் மாதிரி.

"நிறுத்துங்க. மரத்தக் கொன்னுபுடுவீக போல."

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல. அங்கன மேக்க அத்தன மரத்த உலுக்குனேன், ஒரு கீறல் விழுகல."

கோபத்திலும் அது சரியாகப் பட்டது. பறிப்புக்கு முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சுவது எங்கள் வழக்கம்; காய் கனத்து நிற்கும். அந்தத் தடவை பாதியில் கரண்ட் போனதால் தண்ணீர் கிணற்றடியோடு நின்றுவிட்டது, மேற்கு வரிசைக்கு எட்டவில்லை. தண்ணீர் குடித்த மரத்தில் பட்டைக்கு அடியில் ஈரம் ஓடும், பிடிப்பு தளர்ந்திருக்கும். கையால் பறித்த வரைக்கும் இதை யோசிக்க வேண்டியே இருக்கவில்லை.

செம்மண்ணும் சாணியும் குழைத்துப் பூசிச் சாக்கு சுற்றினோம். காய்ப்பு முடிந்ததும் நெல்லி இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். எந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரோ தினமும் காலையில் "மோட்டாரப் பாத்துட்டு வாறேன்" என்று கிணற்றடிக்குப் போவார். மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பங்குனியில் ஒரு காலை அங்கிருந்து குரல் வந்தது. "ஏ புள்ள, இங்கன வா."

சாக்குக்கு மேலே கிளை நெடுக இளந்தளிர். மற்ற கிளைகளைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். நான் அழுதேன், அவர் கேலி செய்தார்.

அடுத்த பறிப்புக்கு நாங்கள் தண்ணீர் விடவில்லை. மிஷின் வந்தது, வரிசை வரிசையாக உலுக்கினார். கிணற்றடிக்கு வந்ததும் இன்ஜினை இறக்கி வைத்துவிட்டு ஏணியைச் சாய்த்தார்.

"மிஷினுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. நீ கூடையப் பிடி."