உப்புத் தண்ணீர் பட்ட வெற்றிலைக் கொடி

தந்தவன் எடுத்துக்கொண்டான், அவன் முடிவுக்கு நாங்கள் தலைசாய்த்தோம். எங்கள் மூத்த சகோதரி, ராத்தா அவர்கள் பிரிந்து ஓராண்டாகிறது. ஆண்டு நினைவாக ஓதும் கத்தத்துக்கு வருவோருக்குக் கொடுக்கும் இம்மலரில் கூடப்பிறந்தவள்தான் எழுத வேண்டுமென்று அவர்களின் பிள்ளைகள் பேனாவை என்னிடம் தந்துவிட்டார்கள். களைப்போடுதான் எழுதுகிறேன்.

மருதமுனையில் ஒரு நெசவுக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாக ராத்தா பிறந்தார்கள். அவர்களின் கணவர், எங்கள் மச்சான், இள வயதிலேயே மௌத்தாகிவிட்டார். தறியை நம்பி மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தபோது, எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி தறிக் கொட்டிலையும் வளவுத் தென்னைகளையும் சாய்த்துவிட்டுப் போனது. நிழல் போய்விட்டதே என்று நான் அழுதேன். "வெயில் வந்திரிக்கி புள்ள, கத்தரி நடுவம்" என்றார்கள்.

அப்படித்தான் தோட்டம் தொடங்கியது. மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது என்பதால் செடியின் அடியில் தேங்காய் மட்டையை, எங்கள் பேச்சில் பொச்சை, புதைத்தார்கள். நூலுக்குப் பூசி மிஞ்சிய கஞ்சியில் தண்ணீர் கலந்து மிளகாய் இலையின் அடிப்புறத்தில் தெளித்தால் பேன் ஒட்டிக் காய்ந்து உதிரும். காலையில் பனி காயுமுன் சாம்பல் தூவினால் பூசணி வண்டு அண்டாது. கேட்டவர்களுக்கெல்லாம் ராத்தா சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது அவர்களெல்லாம் வேலிக்கு வந்து என்னைக் கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன், சில நாள் அலுப்போடு.

ராத்தா கண்டிப்பாகச் சொல்லிவந்தது ஒன்றுண்டு. பச்சை மீன் கழுவிய தண்ணீரை ஒருநாள் வைத்து, கிணற்றுத் தண்ணீர் கலந்து கொடிக்கு ஊற்றலாம். கருவாட்டுக்கு உப்புப் போட்டு ஊறிய தண்ணீரைச் செடிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கிணற்றடியில் இரண்டு வாளியும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.

ராத்தா படுக்கையில் விழுந்த பிறகு அவர்களைக் கழுவித் துடைப்பதும் சமையலும் தோட்டமும் என் தலையில் விழுந்தன. ஒரு மாலை, நின்றபடியே தூங்கிவிடும் நிலையில், வாளியை மாறி எடுத்துவிட்டேன். ராத்தாவின் சன்னலுக்குக் கீழே, படுக்கையிலிருந்து தெரியாத இடத்தில் நின்ற வெற்றிலைக் கொடிக்கு முழு வாளியையும் ஊற்றினேன். நான்கு நாளில் கொடி கருகியது. அது அவர்கள் ஆசையாக வளர்த்த கொடி.

அன்றிலிருந்து தினமும் கேட்பார்கள். "கொடி எப்பிடி இரிக்கி?"

"நல்லா இரிக்கி ராத்தா."

ஒருநாள் மெல்லுவதற்கு ஒரு வெற்றிலை கேட்டார்கள். அடுத்த வளவு மாமியிடம் ஓடி வாங்கிவந்து கொடுத்தேன். இரண்டு தரம் மென்றார்கள். பிறகு கையில் துப்பி, என்னைப் பார்க்காமலே கதைத்தார்கள்.

"உப்புப் பட்ட கொடிய புடுங்கிராத. அடி மண்ண அள்ளிப் போட்டுட்டு புது மண் போடு. ஒரு கிழமைக்கு நல்ல தண்ணி ஊத்திக் கழுவு. வேர் கிடக்கும்."

"எப்ப தெரியும் ராத்தா?"

"சன்னலடியில ஊத்தினா எனக்கு மணக்காதா? அண்டைக்கே தெரியும்."

"அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் கேட்டீங்க?"

"நீயாச் சொல்லுவாய் எண்டுதான்."

கஞ்சி கொண்டுவருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். நாளைக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்றிருந்தேன். மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பின் ராத்தா கண்ணை மூடிவிட்டார்கள்.

ஜனாசாவைத் தூக்குமுன், மௌத்தானவர் யாருக்காவது பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று வழக்கப்படி கேட்டார்கள். வீட்டுக்குள் பெண்களோடு நின்ற எனக்கும் அது கேட்டது. மௌத்தானவருக்குப் பிழை செய்தவர் யாரிடம் கேட்பது என்று யாரும் சொல்லவில்லை.

ராத்தாவின் நோயில் தோள்கொடுத்த சொந்தங்களுக்கும், மருந்து வாங்க அலைந்த பிள்ளைகளுக்கும், மண்ணறை வரை நடந்த ஊராருக்கும், ஏன் என்று கேளாமல் வெற்றிலை தந்த மாமிக்கும் எங்கள் நன்றி. அல்லாஹ் ராத்தாவின் கப்றை விசாலமாக்குவானாக.

மண்ணை மாற்றினேன். ஒரு கிழமை, ஏழு நாளும் கழுவினேன். இரண்டு மாதம் கழித்துத் தளிர் வந்தது. இன்று உங்கள் முன்னால் வட்டாத் தட்டில் இருப்பது அந்தக் கொடியின் வெற்றிலைதான். ராத்தாவிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிட்டேன். வெற்றிலையை எடுத்துக்கொண்டு, என்னையும் சேர்த்து துஆச் செய்யுங்கள்.