வளையை அடைத்த நண்டு

எழுபதுகளில் ஆரணியாற்றங்கரைக் கிராமப் பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். காலாண்டுத் தேர்வில், 'மழை வருவதை எந்தக் கருவியால் அறியலாம்?' என்று கேட்டிருந்தேன். 'வரப்பு நண்டு வளையை அடைத்தால் மழை' என்று எழுதிய வள்ளிக்கு முட்டை போட்டேன்.

"எங்கம்மா நடவுப் பாட்டுல அப்படித்தான் கீது சார்."

"பாட்டெல்லாம் பாடமாகாது" என்றேன்.

அன்று மாலை வீடு திரும்பும்போது அவள் அம்மா வயலிலிருந்து ஓடிவந்து என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். "நண்டு வளைய அடச்சிக்கினு கீது. ஆத்தத் தாண்டாதீங்க சார்."

வானத்தில் மேகமே இல்லை. அவள் விடவில்லை. எரிச்சலோடு பள்ளியிலேயே தங்கினேன்.

இருட்டுவதற்குள் மழை கொட்டித் தீர்த்தது. தினமும் நான் சைக்கிளைத் தள்ளிக் கடக்கும் ஆற்றுமணலில் வெள்ளம் சுழித்தோடியது.

முட்டையை அடித்து முழு மார்க் போட்டேன். தப்பு என் கேள்வியில்தான் இருந்தது. அரையாண்டில் 'எந்தக் கருவியால்' என்பதை 'எப்படியெல்லாம்' என்று மாற்றினேன்.

வகுப்பே கூடுதல் தாள் கேட்டது.