முனியாண்டி அண்ணன் ஊத மறுத்த மெழுகுவர்த்தி

1. அவசரப் பிரிவு

நோயாளிகளுக்கு ஃபிசியோதெரபி செய்து செய்து அலுத்துப்போன உடம்பு இது. அடுத்த ஆண்டு ஓய்வு. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள், "ஏதாவது சொல்லுங்கள்" என்கிறார்கள். முனியாண்டி அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன்.

அன்று காலை அவரை மறுபடியும் அவசரப் பிரிவுக்குக் கொண்டு வந்திருந்தார்கள். செலண்டார் பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகையில் காலமெல்லாம் வேலை செய்தவர். போதாததற்குச் சிகரெட் வேறு. நுரையீரல் கெட்டுப்போன பிறகு செங் என்ற ஊரில் மகள் செல்வியோடு இருக்கிறார். பகலில் வீட்டில் தனிதான். மூச்சு வாங்கினால் பயந்துவிடுவார். பயந்தால் இன்னும் வாங்கும். உடனே செல்விக்குப் போன் போடுவார். அவள் பெக்டரியில் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள்.

"அக்கா, சூபர்வைசர் கடைசி வார்னிங் குடுத்துட்டாரு லா. இன்னொரு தடவ பாதி ஷிப்டுல ஓடுனா வேற ஆளப் போட்டுருவாராம். வேல போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் எங்க போறது?"

வராந்தாவிலேயே அழுதாள். ஆறுதல் சொல்ல எனக்குத் தெம்பில்லை. வார்டில் ஆட்கள் காத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

2. மெழுகுவர்த்தி

இந்த நோயில் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரிய பாடு. பழைய காற்று நெஞ்சுக்குள் தேங்கிக் கிடக்கும்; புதியது நுழைய இடமிருக்காது. அதனால் மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு பங்கு நேரம் மெதுவாக ஊத வேண்டும். எதிரே ஒரு மெழுகுவர்த்தி இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்வோம். சுடர் சாய வேண்டும், அணையக் கூடாது. அண்ணனுக்கு நினைத்துப் பார்க்க வரவில்லை என்று நிஜ மெழுகுவர்த்தியே வாங்கிக் கொடுத்திருந்தேன். கிளினிக்கில் வேறொன்றை ஏற்றி வைத்தபோது அழகாக ஊதினார். வீட்டிலும் தினமும் செய்வதாகத்தான் சொன்னார்.

வீட்டுக்குப் போனால், ஐஸ் பெட்டியின் மேல் அது பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கிறது. திரிக்கு நெருப்பே காட்டவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னண்ணே இது?"

"கோவிச்சுக்காதீங்க மிஸ்ஸி." ஆஸ்பத்திரிப் பெண்கள் எல்லாருமே அவருக்கு மிஸ்ஸிதான். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று நின்று பேசினார். "எரியிற நெருப்ப வாயால ஊதலாமா? எங்க வீட்டுல யாரும் ஊதுனதில்ல. கையாலதான் அமத்துவோம். ஆஸ்பத்திரில நீங்க சொன்னீங்கன்னு ஊதிட்டேன். வீட்டுல ஊதுனா புள்ளைக்கு ஆகாது. அவ வேலயே இப்ப ஆட்டங்கண்டு கெடக்குது."

மகள் வேலை போகக் கூடாது என்று ஊதாமல் இருந்திருக்கிறார். அவர் ஊதாததால்தான் அவள் வேலை போகப் பார்க்கிறது. தலையில் அடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"பர்த்டேக்குப் பிள்ளைங்க கேக்குல ஊதுறாங்களே?"

"நான் கண்ண மூடிக்குவேன் மிஸ்ஸி."

அவரோடு வாதாட எனக்குச் சக்தியில்லை. அவர் நம்பிக்கை அவருக்கு. மேசையில் செல்வி போட்டு வைத்த கோப்பி ஓ, பால் விடாத காப்பி, ஆவி பறக்க இருந்தது. அதை அவர் பக்கம் தள்ளினேன்.

"இத எப்படிக் குடிப்பீங்க?"

"ஊதி ஊதித்தான்."

"அதத்தாண்ணே நானும் கேக்குறேன்!"

முழங்கைகளை மேசையில் ஊன்றி, முன்னால் சாய்ந்து, தோளைத் தளர்த்திவிட்டு ஊதிக் காட்டினார். மெழுகுவர்த்தியில் செய்ததைவிட நன்றாகவே செய்தார்.

"மூச்சு வாங்குனா மொதல்ல வாயில மருந்து பம்ப் அடிங்க. அப்புறம் கோப்பி முன்னால இருக்குற மாதிரி ஊதுங்க. பாதியில நிறுத்தாதீங்க. அப்பவும் அடங்கலன்னா ஆம்புலன்ஸக் கூப்புடுங்க. செல்விய இல்ல."

மெழுகுவர்த்தியை என் பையில் போட்டுக்கொண்டேன்.

3. போன் வராத நாள்

சில வாரங்கள் கழித்து ஒரு மதியம், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது செல்வி அழைத்தாள்.

"அக்கா, அப்பா ஒரு வாரமா போனே பண்ணல. இப்ப ரெஸ்ட் டைம்ல நான் போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குறாரு. பயமா இருக்குக்கா. வீட்டுக்குத்தான் ஓடிக்கிட்டிருக்கேன்."

பெக்டரியிலிருந்து வீடு பக்கம்தான். போனை வைக்காமலே ஓடினாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பொட்டலத்தை மூடி வைத்தேன். நல்லபடியாக ஒரு சேதி கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அண்ணனின் குரல். "ஏன் புள்ள வேலய விட்டு வந்த? மூச்சு வாங்குச்சு, ஊதிக்கிட்டிருந்தேன். பாதியில நிறுத்தக் கூடாதுன்னு மிஸ்ஸி சொல்லியிருக்காங்கல்ல. அதான் போன எடுக்கல."

இப்போது செல்விக்குத்தான் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. எனக்கே கேட்டது.

நாற்காலி இழுபடும் சத்தம். "ஒக்காரு. கைய மேசயில ஊனு. மெதுவா ஊது புள்ள. மெதுவா."

ரெஸ்ட் முடிவதற்குள் அவள் திரும்பிப் போய்விட்டாள். வேலையும் தப்பியது.

இப்போது நான் யாருக்கும் மெழுகுவர்த்தி கொடுப்பதில்லை. வீட்டில் சூடாக என்ன குடிப்பீர்கள் என்று கேட்கிறேன். இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். மூச்சு வாங்குகிறவர் ஒருவர் என்றால், அவரை நினைத்துப் பயந்துகொண்டே இருப்பவர் இன்னொருவர் அந்த வீட்டில் இருப்பார். எனவே பிள்ளைகளே, பயிற்சி சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு நாற்காலி போடுங்கள்.