அஸீஸாக்கா எழவில்லை

பெயரைக் கேட்டு அஸீஸாக்காவை எங்கள் ஜமாஅத்துப் பெண் என்று எண்ணியவர்கள் உண்டு. அவர் யூதர். பாக்தாதிலிருந்து ரங்கூனுக்கு வந்த குடும்பம். இருபத்தாறாம் தெருவில் எங்கள் பெயின்ட் கடைக்கு மேல்மாடியில் தனியாக இருந்தார். பர்மியப் பெண்கள் கட்டும் லுங்கிக்குக் கறுப்பு இடுப்புப்பட்டை தைத்துப் பிழைத்தார். எங்களோடு பழகித் தமிழ் வந்தது, எங்கள் வாய்த்துடுக்கும் கூடவே வந்தது.

வெள்ளி இரவு, அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்குகையில், திராட்சைரசக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி ஓதும்போது, முழங்கால் வீங்கியிருந்தாலும் நின்றுதான் ஓதுவார்.

"உக்காந்து ஓதுங்கக்கா, அல்லா கோவிச்சுக்க மாட்டான்" என்றேன் ஒருமுறை.

"உலகத்தைப் படைச்சது அவன்தான்னு சாட்சி சொல்றேன் சல்மா. சாட்சி சொல்றவ நின்னுதான் சொல்லணும்."

ஆனால் ரொட்டி சாப்பிட்டபின் சொல்லும் நன்றிக்கு உட்கார்ந்தே இருக்க வேண்டும், அதுவும் சாப்பிட்ட அதே இடத்தில். பாதியில் எழவும் கூடாது, பேசவும் கூடாது.

தொண்ணூற்றாறாம் வருஷம், ராணுவ ஆட்சி நியமித்த வார்டு தலைவன் அந்த மாடியைத் தன் மைத்துனனுக்குக் கேட்டான். அக்கா ஏறாத அலுவலகம் இல்லை. ஏழை சொல் அம்பலம் ஏறுமா? கடைசியில் ஊர் ஓரம் தாகேதாவில் ஓர் அறை பார்த்துக் கொடுத்தோம்.

"வீடு போனாப் போவுது. அவன் அதட்டி நான் எந்திரிச்சு ஓடினேன்னு மட்டும் பேரு வரக் கூடாது" என்றார் அக்கா.

காலி செய்யும் நாளன்று கட்டில், தையல் மிஷின் எல்லாம் கீழே போய்விட்டன. மிஞ்சிய ஒரே நாற்காலியில் அமர்ந்து அக்கா ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டு, கண்ணை மூடி நன்றி சொல்ல ஆரம்பித்தார். அந்நேரம் தலைவன் உள்ளே வந்தான். நாங்கள் எழுந்து கைகட்டி நின்றோம்.

"எழுந்திரு! நாற்காலியை எடுக்கணும்" என்று பர்மியில் கத்தினான். தாய் வயதுப் பெண்ணிடம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா கண் திறக்கவில்லை. அதுவரை முணுமுணுத்தவர் குரலை உயர்த்தி, நிறுத்தி நிதானமாகப் பாடவே தொடங்கிவிட்டார்.

"இது எப்ப முடியும்?" என்று என்னிடம் பாய்ந்தான்.

"படைச்சவனோட பேசுறாங்க. நடுவுல நாம எப்படிக் கேக்குறது?" என்றேன். கால் நடுங்கியது. நின்றால்தானே நடுங்கும் என்று அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடை உரிமத்தை நினைத்து என் கணவர் உதுமான் என்னை முறைத்தார். பிறகு அவரும் உட்கார்ந்தார். சுமை தூக்க வந்திருந்த பர்மியர் இருவரும் ஓதும் குரல் கேட்டு மூட்டையை இறக்கிவிட்டுக் குந்தினார்கள். அந்தக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

அக்கா முடித்தார். நாங்கள் ஆமீன் சொன்னோம். அதன்பின் அக்கா தானாகவே எழுந்து பையை எடுத்தார்.

"என்னைச் சபிச்சியா?" என்றான். குரல் இறங்கியிருந்தது.

"சாப்பாட்டுக்கு நன்றி சொன்னேன் தம்பி. உன் பேச்சே அதுல வரல" என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்கினார்.