மூன்று மாத ஊசி

குறிஞ்சாக்கேணி மாதர் சங்கக் கட்டடத்தில் அன்று வெளிநாடு போகப் போகிறவர்களும் போய் வந்தவர்களுமாகப் பதினெட்டுப் பெண்கள். குடும்பக் கட்டுப்பாட்டு வகுப்பு எடுக்க வந்த மருத்துவமாது றொஷானி மிஸ் மாத்திரை அட்டை, ஆணுறை, கருப்பையில் வைக்கும் லூப், ஒரு சின்ன மருந்துக் குப்பி என்று மேசையில் பரப்பியபோது பாதிப்பேர் முக்காட்டை வாய்வரை இழுத்துக்கொண்டார்கள்.

"வெக்கப்படுற ஆக்கள் பின்னால இருங்கோ. காதை மட்டும் மூடிப்போடாதேங்கோ," என்றார் மிஸ்.

குப்பியைத் தூக்கிக் காட்டினார். ஒரு ஊசி போட்டால் மூன்று மாதத்துக்குப் பிள்ளை தங்காது. சிலருக்கு மாதவிடாய் நின்றுபோகும், சிலருக்கு வாரக்கணக்கில் இரத்தம் பட்டுக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் போட வேண்டும்.

"மிஸ், வெளிநாடு போறத்துக்கு இது கட்டாயமா?" என்று ஸுல்பிகா கேட்டாள்.

"ஆர் சொன்னது? அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

ஸுல்பிகா ரியாதுக்கு வீட்டு வேலைக்குப் போனது மூன்று வருடங்களுக்கு முன்பு. அனுப்பியவள் கணவன் நுஸ்கியின் மூத்த சகோதரி றஹ்மா. கொழும்பு ஏஜன்சி ஒன்றுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது அவள் தொழில். பயணத்துக்கு நாலு நாள் முன்பு அவளே கூட்டிப்போய், அங்கே காய்ச்சல் பிடிக்காமலிருக்க என்று சொல்லி, இதே மாதிரிக் குப்பியிலிருந்து ஒரு ஊசி போடுவித்தாள்.

போய் இரண்டாம் வாரம் இரத்தம் படத் தொடங்கியது, நிற்கவே இல்லை. மாதவிடாய்தான், இந்த நாட்களில் தொழவோ நோன்பு பிடிக்கவோ கூடாது என்று நினைத்து ஸுல்பிகா தொழுகையை விட்டாள். றமழான் வந்தது, அந்த மாத நோன்பு முழுவதும் போனது. வீட்டுக்காரியின் தாய், இவள் பகலில் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து, உங்கள் ஊர் முஸ்லிம்கள் இப்படித்தானா என்று கேட்டாள். ஸுல்பிகா குளியலறைக்குள் நின்று றஹ்மாவுக்குப் போன் எடுத்தாள்.

"அங்கத்தய சூடு புள்ள. வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடி," என்றாள் றஹ்மா.

குடித்தாள். கருப்பையில் ஏதோ வளர்கிறது, மையித்தாகப் பெட்டியில்தான் ஊர் போய்ச் சேருவோம் என்று பயந்துகொண்டே குடித்தாள்.

இப்போது ஸுல்பிகாவின் தங்கை அம்ராவின் முறை. கணவனை விட்டுப் பிரிந்தவள். றஹ்மா மூலமாகவே அடுத்த வாரம் பயணம், நாளைக்கு ஊசி.

வகுப்பு முடிந்ததும் ஸுல்பிகா நேரே றஹ்மாவின் வீட்டுக் குசினிக்குள் போய் நின்றாள். றஹ்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மச்சி, எனக்கு நீங்க போடுவிச்சது புள்ள தங்காத ஊசி, என்ன?"

றஹ்மா கத்தியைக் கீழே வைக்கவில்லை. "நல்லத்துக்குத்தான் புள்ள. எல்லாருக்கும் போடுறதுதான்."

"புருசன் இஞ்ச இருக்கக்குள்ள, தனியப் போற எனக்கு அது என்னத்துக்கு?"

"அங்க ஏதும் நடந்து நீ வயித்தோட வந்து நிண்டா ஆருக்கு மானக்கேடு?"

"ஏதும் எண்டா?"

றஹ்மா மீனைத் திருப்பிப்போட்டாள்.

"அப்ப நடக்கலாம் எண்டு தெரிஞ்சுதான் அனுப்பினீங்க. என்னைப் பத்தி யோசிக்கல்ல. வயித்தை மட்டும் பூட்டி அனுப்பினீங்க."

"என்னை மட்டும் ஏசாத. நுஸ்கிக்கிட்டக் கேட்டுத்தான் செஞ்சது."

ஊர் திரும்பியபின் விட்ட நோன்புகளை ஒவ்வொன்றாக அவள் பிடித்தபோது விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்பிவிட்டவர் நுஸ்கி. பாவம், அங்கே உனக்கு என்ன வருத்தமோ என்று சொல்லிச் சொல்லித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

"அம்ராட பாஸ்போட்டைத் தாங்க."

"டிக்கட் போட்டாச்சு."

"தாங்க மச்சி. இல்லாட்டி சங்கத்துல இண்டைக்கு வகுப்பெடுத்த மிஸ்ஸை இஞ்சயே கூட்டி வாறன்."

றஹ்மா மீன் கையோடு போய் அலுமாரியைத் திறந்தாள்.

வீட்டு முற்றத்தில் தங்கையை இருத்தி ஊசி என்னவென்று சொன்னபோது அம்ரா முகத்தைத் திருப்பினாள். "இதுக்கா என்ட பயணத்தைக் கெடுத்தீங்க?" பிறகு ரியாதில் நிற்காமல் இரத்தம் பட்டதையும் றஹ்மா சொன்ன பதிலையும் ஸுல்பிகா சொல்லக் கேட்டாள். சற்றுத் தள்ளி நுஸ்கி வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"மச்சானுக்கும் தெரியுமா ராத்தா?"

"அந்தா இருக்கார். கேளு."

நுஸ்கி வலையில் அடுத்த சிக்குக்குக் குனிந்தார். அம்ரா கேட்கவில்லை. மடியில் கிடந்த பாஸ்போட்டை எடுத்து ஸுல்பிகாவின் கையில் வைத்தாள்.

"நீங்களே வெச்சிருங்க. மச்சான்ட கண்ணுல படாத இடமாப் பாத்து வைங்க."